கிணற்றுக்குத் திரும்பிய ஆதிக் கடல்

ஏழாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு கடல் வைத்திருந்தேன். வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள்.

எல்லாம் அறிவியல் டீச்சரால் வந்தது. ஆதி பூமியில் ஆக்சிஜன் கிடையாது, மீத்தேன், அம்மோனியா, நீராவி என்று என்னென்னவோதான் இருந்தன, அதில் மின்னல் வெட்டி வெட்டித்தான் தண்ணீரில் முதல் உயிர் உண்டாகியிருக்கலாம் என்றார். வீட்டில் மீத்தேனுக்கு எங்கே போவது? கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் போட்டு, அடுப்பு லைட்டரால் பாட்டில் வாயில் தினமும் மின்னல் வெட்டினேன். என்ன ஒரு நம்பிக்கை!

தீபாவளிக்கு வீட்டைக் கழுவும்போது அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னாடி இது கண்றாவி? சாக்கடையில ஊத்திட்டு பாட்டில கழுவிக் கொண்டா."

நாங்கள் சமணர்கள். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டுவோம்; துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களையும் அலசிக் கிணற்றுக்கே திருப்பி விடுவோம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு, உண்டாக்கிய உயிரை நானே சாக்கடையில் கொல்வதா? பாட்டிலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அழுகையோடு அழுகையாக டீச்சர் சொன்னதையும் சொன்னேன்.

அப்பா சிரித்தார். "உப்புத் தண்ணியில என்னாடி உயிரு? ஒண்ணும் இருக்காது, ஊத்து."

அம்மா சிரிக்கவில்லை. "இல்லன்னு நீங்க பாத்தீங்களா? காதுல வாங்கினப்புறம் என்னால ஊத்த முடியாது. வாளிய எடுங்க."

துணி அலசிய தண்ணீரை இறக்கும் வாளி அது. அடியிலும் ஒரு கயிறு கட்டியிருக்கும். மேலிருந்து ஊற்றினால் உயிர்களுக்கு அடிபடுமே என்று, நீர் மட்டம் வரை இறக்கி அங்கே கவிழ்ப்போம். அப்பா முனகிக்கொண்டே கயிற்றை விட்டார். கலெக்டர் ஆபீசில்கூட அவர் அத்தனை கவனமாக வேலை பார்த்திருக்க மாட்டார். என் கடல் சத்தமில்லாமல் கிணற்றில் கலந்தது. அப்பாடா! அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கல்லூரியில்தான் படித்தேன். ஆதிக் கடலில் முதல் உயிர் பிழைத்ததற்கு ஒரு காரணம், அதைத் தின்ன அங்கே வேறு எதுவும் இல்லை. இன்று அப்படி ஒன்று புதிதாக உண்டானால், இருக்கிற உயிர்கள் அதை உடனே தின்று தீர்த்துவிடும். எங்கள் கிணற்றிலோ, தினமும் நாங்களே பத்திரமாகத் திருப்பி விட்ட உயிர்கள்.

ஆக, பாட்டிலில் ஏதாவது இருந்திருந்தால், அடிபடாமல், மெல்ல, நாங்களே அதைப் பந்தியில் பரிமாறியிருக்கிறோம். நல்லவேளை, அந்தத் தோசையைச் சாப்பிடும்போது எனக்கு அது தெரியாது.