முழங்காலை மிதித்த ஆசிரியர்

எங்கள் ஊரான நகரி ஆந்திராவோடு சேர்வதா, சென்னை மாநிலத்தோடு இருப்பதா என்று எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். பேசிப் பேசியே எனக்குத் தூக்கம் போய்விட்டது. தியானம் செய்தால் மனசு அடங்கும் என்று மச்சான் என்னைத் திருப்பதியில் ஒரு யோகாசன வகுப்பில் சேர்த்துவிட்டார்.

முதல் நாளே பத்மாசனம். ஏர் ஓட்டி இறுகிய கால் எனக்கு. பாதம் தொடைமேல் ஏறியதே தவிர, முழங்கால் தரையில் படியவில்லை. ஆசிரியர் வந்தார். கையால் தொடக்கூட இல்லை. வியர்த்த காலைத் தூக்கி என் முழங்கால்மேல் வைத்து அழுத்தினார்.

"வலிக்குது சாமி, எடுத்துடுங்க" என்றேன்.

"மனசுல அழுக்கு இருந்தா கால் மடங்காது" என்று சொல்லிக்கொண்டே இன்னும் மிதித்தார். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் துடித்துக்கொண்டு கிடக்க, அவர் என் துண்டிலேயே தன் பாதத்தைத் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

மச்சான்தான் எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட வைத்தார். அந்த வருஷம் முழுக்க என்னால் ஏர் பிடிக்க முடியவில்லை. கால் விளங்காமல் போகாததே பெரிய புண்ணியம்.

"வலிக்குதுன்னு தெரிஞ்சும் ஏன் குந்திக்கினு இருந்தீங்க?" என்று என் மனைவி கேட்டாள். குருவாயிற்றே என்று இருந்துவிட்டேன்.

தியானத்தை நான் விடவில்லை. கோணியை மடித்துப் போட்டு, சாதாரணமாகச் சம்மணம் போட்டே உட்காருகிறேன். போன மாதம் சித்தூரில் ஒரு வகுப்புக்குப் போனேன். அங்கிருந்த ஆசிரியர் சரிசெய்வதாகச் சொல்லி என் முழங்காலை நோக்கிக் கையை நீட்டினார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.