கைக்கு வைத்த மல்லிகை

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. தடித்த கண்ணாடி போட்டிருப்பார். எந்த நூல் கிடைத்தாலும் விரலில் சுற்றிக்கொண்டே பேசுவார்.

ஒருநாள் அங்கே சேர்த்திருந்த மனைவிக்குப் பழக்கதோஷத்தில் கிழக்கேகோட்டைக் கடைத்தெருவில் மல்லிகைச்சரம் வாங்கிவிட்டேன். மருந்தால் அவளுக்கு முடியெல்லாம் கொட்டிப்போனது வார்டு வாசலில்தான் நினைவு வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா அங்கே இருந்தார்.

"டாக்டரே, கெட்டுப்போன செல்லு ஏன் சாகமாட்டேங்குது?"

அவர் பூச்சுருளை வாங்கிக் காட்டினார்.

"செல்லைச் சாகச் சொல்ற ஜீன் நம்ம எல்லார்கிட்டயும் உண்டு, சாரே. சில கேன்சர்ல அது கெட்டே போயிருக்காது. அது இருக்கற டி.என்.ஏ. நூல் இதுபோல இறுக்கிச் சுத்திக் கிடக்கும், கேட்டோ. செல்லால அதைப் படிக்க முடியாது."

"பிரிக்க முடியுமா?"

"அதுக்குத்தான் மருந்து தேடறோம். உங்க மனைவிக்கு ஆகுமான்னு தெரியாது."

பொய் ஆறுதல் சொல்லவில்லை. சரத்தை மெல்லப் பிரித்து என்னிடம் நீட்டினார். "தலை வேண்டாம். கை உண்டல்லோ?"

மனைவியின் மணிக்கட்டில் சுற்றிவிட்டேன்.

அந்த மருந்து அவளுக்கு வந்து சேரவில்லை. ஆனால் அன்று அவள் கையை மூக்கருகே வைத்தபடி நிம்மதியாகத் தூங்கினாள். அந்தத் தூக்கம் அவர் தந்தது.