அசன் பாய் வைத்த மூன்று டிவி பரீட்சை

டிவிக் கடைக்கு வந்து எது நல்லது என்று கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் பதிலைக் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். அதை ஒப்புக்கொள்வதா, கெடுப்பதா என்பதுதான் எங்கள் தொழில். பம்பாய் தாராவியில் தொண்ணூறு அடி சாலையில் ஒரு கடையில் பாதி வாழ்க்கையாக நிற்கிறேன். கெடுப்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கதைதான் உண்டு. அதைச் சொல்லிக்கொண்டே, பல வருஷமாக அதைச் சந்தேகப்பட்டும் வந்திருக்கிறேன்.

கதை அசன் பாயுடையது. கடையநல்லூர்க்காரர், எங்கள் கடையில் எனக்கு மூத்த சேல்ஸ்மேனாக இருந்தவர். இங்கே வருவதற்கு முன்னால் வேறொரு பெரிய ஷோரூமில் இருந்தாராம். அங்கே ஒரு நாள் நாற்பத்து மூணு இஞ்சில் மூன்று டிவிகளை வரிசையாக வைத்தாராம். ஒன்று எச்டி ரெடி, ஒன்று ஃபுல் எச்டி, ஒன்று ஃபோர்கே. ஸ்டிக்கர்கள் மேல் பேப்பரை ஒட்டி மறைத்துவிட்டு, டிவி வாங்க வருகிற பார்ட்டிகளையெல்லாம் பத்தடி தள்ளி நிற்கவைத்து, எது ஃபோர்கே என்று கேட்டாராம். கடை மூடுகிறவரை ஒருத்தருக்கும் தெரியவில்லையாம்.

நீங்களும் அப்படி ஒரு வரிசை முன்னால் நின்று விழித்திருப்பீர்கள். டிவியில் படம் என்பது புள்ளிகள். எச்டி ரெடியைவிட ஃபுல் எச்டியில் புள்ளிகள் இரண்டு மடங்கு, ஃபுல் எச்டியைவிட ஃபோர்கேயில் நாலு மடங்கு. விலையும் அப்படியே ஏறும். சேல்ஸ்மேன் ஒன்று சொல்வான், மச்சினன் போனில் வேறொன்று சொல்வான். அந்த நேரத்தில் அசன் பாயின் கதையைச் சொன்னால் பார்ட்டியின் முகத்தில் ஒரு நிம்மதி வரும். எத்தனையோ பேரை நான் அப்படி ஃபோர்கேயிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

எத்தனை தடவை சொன்னாலும் இறங்காதவள் ஒருத்தி உண்டு. என் மனைவி ராணி. தாராவியிலேயே லேபர் கேம்ப் பகுதியில் எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் எச்டி ரெடிதான் தொங்குகிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் ஃபோர்கே கேட்பாள், நான் அசன் பாயின் கதையைச் சொல்வேன். கதை பொய் என்றால், இத்தனை தீபாவளியும் அவள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்று ஆகும். கடையில் யாராவது என்னை நம்பித் தலையாட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்துவிடும்.

கல்லியைப் பார்த்த டிவி

பொன்ராஜ் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். வீடு பத்துக்குப் பத்து ஒற்றை அறை, பம்பாய் பாஷையில் கோலி. அவருக்கு ஐம்பத்தைந்து இஞ்சில் ஃபோர்கே வேண்டுமாம். அளவு பார்க்கப் போனேன். கோலியில் ஆட்கள் தரையில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பவர்கள், இதற்கு ஃபுல் எச்டி தாராளம் என்றேன். அசன் பாயின் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

பிறகு என்னை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். சாக்கடை மேல் போட்ட கல்லைத் தாண்டி, எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னார். டிவி மாட்டப்போகிற சுவர் நேராகத் தெரிந்தது. இந்தச் சந்துதான் கல்லி. மேட்ச் உள்ள அன்று பாதிக் கல்லி இங்கேதான் நிற்கும் என்றார். இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் ஃபோர்கேக்கும் மற்றதற்கும் சுத்தமாக வித்தியாசமே தெரியாது என்று நான் இன்னும் உற்சாகமாகச் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“வீட்டுக்குள்ள இருக்கவன் படத்தப் பாக்கான், அண்ணாச்சி. கல்லியில நிக்கவன் டிவியப் பாக்கான். நான் அவனுக்குத்தான் வாங்குதேன்.”

கண் மாறிய மாமா

மாட்டுங்காவில் வைத்தியநாதன் என்று ஒரு பெரியவர். பாங்க் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனவர். தன் சாய்வு நாற்காலிக்கும் சுவருக்கும் இடையிலான தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு வந்திருந்தார். அப்படி வருகிறவர்கள் எங்களுக்குத் தலைவலி. ஆனால் அவர் அசன் பாயின் பரீட்சையைக் கேட்டதும் அப்படியே சொக்கிப்போனார். “பாத்தேளா, இதுதான் சயின்டிஃபிக் மெதட்” என்று கூட வந்த மாமியிடம் சொன்னார். கடையில் ஃபோர்கேயையும் ஃபுல் எச்டியையும் அவர் முன்னால் ஓடவிட்டேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஃபுல் எச்டியே வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச மாதம் கழித்து மாமி போன் செய்து, டிவியில் ஏதோ கோளாறு, படம் சொரசொரவென்று இருக்கிறதாம், வந்து பார்க்க முடியுமா என்றார். போனேன். டிவிக்கு ஒன்றும் இல்லை. மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தார்கள். அப்படியானால் கடையில் அவர் பார்த்தது எந்தக் கண்ணால்? அசன் பாயின் வரிசை முன்னால் நின்ற பார்ட்டிகள் எப்படிப்பட்ட கண்ணோடு நின்றார்கள்? அன்று ரயில் பிடிக்கும்வரை எனக்கு இதே யோசனைதான். மாமாவுக்கு என் மேல் கோபம் ஒன்றும் இல்லை. காபி கொடுத்து, நல்ல சந்தோஷமாகத்தான் சொன்னார்.

“என் கண்ணு ஃபோர்கே ஆயிடுத்து, சார். உங்க டிவிதான் பழைய கண்ணோடயே உக்காந்துண்டிருக்கு.”

செம்பூரில் மூன்று கலர் வயர்

செம்பூர் காலனியில் கனகசபை என்று ஒருவர். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பையன் ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். என் கதையெல்லாம் பையனிடம் எடுபடவில்லை. பெரிய ஃபோர்கேயாகத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டாவது நாளே அப்பா கடைக்கு வந்துவிட்டார். பழைய டப்பா டிவியே தேவலை, இதில் ஆட்களின் முகமெல்லாம் மாவு பூசின மாதிரி இருக்கிறது, திருப்பி எடுத்துக்கொள் என்றார்.

வீட்டுக்குப் போய் டிவியின் பின்பக்கம் கையை விட்டேன். கேபிள் டப்பாவிலிருந்து பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மூன்றையும் அப்படியே கொண்டுவந்து செருகியிருந்தார்கள். நல்ல வயரை வீணாக்குவானேன் என்று அப்பாவே செருகினாராம். நம் ஆட்களில் பாதிப் பேர் செய்கிற காரியம் இது. டிவியை மாற்றுவார்கள், வயரைப் பத்திரப்படுத்துவார்கள். நான் எச்டிஎம்ஐ வயர் போட்டேன். கொஞ்சம் தெளிந்தது, அவ்வளவுதான். டப்பாவுக்குள் வருவதே சாதாரண சேனல், எச்டி சேனல் வேண்டுமென்றால் மாதச் சந்தா கூடும் என்றேன். பையன் “சோடோ நா, பப்பா, விடுங்க, போட்டுக்கலாம்” என்றான். அப்பா விடவில்லை.

எனக்கு அன்று ஒரு விஷயம் உறைத்தது. அந்த வீட்டில் அந்தச் சேனலை எந்த டிவியில் போட்டாலும் படம் அதேதான். குழாயில் வருகிறது அவ்வளவுதான் என்றால், அண்டாவைப் பெரிதாக்கி என்ன பயன்? கனகசபைக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. அவருடைய நியாயம் வேறு.

“டிவிக்குத்தான் காசு குடுத்தாச்சுல்லய்யா. அப்புறம் படத்துக்கும் மாசாமாசம் எதுக்குக் குடுக்கணும்?”

ராணி எழுதிய பரீட்சை

இந்தத் தீபாவளிக்கு ராணி புது வாதத்தோடு வந்தாள். விக்ரோலியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஆண் குழந்தை. நாள் தவறாமல் வீடியோ வருகிறது. மருமகனின் போன் எடுப்பதே ஃபோர்கே. பேரன் ஃபோர்கேயில் சிரிப்பானாம், ஆச்சி மட்டும் அதை எச்டி ரெடியில் பார்க்க வேண்டுமாம். நான் வழக்கம்போல அசன் பாயை இழுத்தேன். “அந்த பாய் வச்ச பரீட்சய எனக்கும் ஒரு தடவ வச்சுப் பாருங்க. தோத்துட்டா இனி வாயத் தொறக்க மாட்டேன்” என்றாள்.

அடுத்த வார விடுமுறை நாளில் முதலாளியிடம் சொல்லிச் சாவி வாங்கி, மத்தியானம் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். நாற்பத்து மூணு இஞ்சில் மூன்று டிவி. ஸ்டிக்கர் மேல் பேப்பர். நாற்காலி பத்தடி தள்ளி. கம்பெனிக்காரன் கொடுத்த ஃபோர்கே வீடியோவை மூன்று பென் டிரைவில் ஏற்றி, டிவிக்கு ஒன்றாகச் செருகி ஓடவிட்டேன். ஒரு கல்யாண வீட்டுக் காட்சி. நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேனா, தோற்க வேண்டும் என்றா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அவள் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். அது விதி இல்லை, பத்தடி தள்ளித்தான் என்றேன். நம் வீட்டில் கட்டில் எங்கே கிடக்கிறது, டிவி எங்கே தொங்குகிறது, நடுவில் பத்தடி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். லேபர் கேம்ப்பில் காலை நீட்டினால் டிவி முட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் உடனே நடு டிவியைக் காட்டினாள். இதில் அந்தப் பெண்ணின் மூக்குத்தியில் கல் கல்லாகத் தெரிகிறது, மற்ற இரண்டிலும் வெறும் மினுக்குத்தான் என்றாள். நடு டிவிதான் ஃபோர்கே.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குச் செம்பூர் வீடு நினைவுக்கு வந்தது. பென் டிரைவுகளை எடுத்துவிட்டு, மூன்றிலும் கடையின் சாதாரணக் கேபிளைப் போட்டேன். அவள் நாள் தவறாமல் பார்க்கிற சீரியல். இந்த முறை அவள் வெகுநேரம் பார்த்தாள். எழுந்து கிட்டேபோய்ப் பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கடைசியில், மூன்றும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டாள். நான் பேப்பரை உரித்துக்கொண்டே, அப்படியானால் நாம் இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்றேன். அவளுடைய பேரன் வீடியோ வாட்ஸ்அப் வழியாக வந்தால் நசுங்கித்தான் வரும் என்பதும் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் அதற்குள் பையைத் தோளில் மாட்டியாயிற்று.

“சீரியலுக்கு நீங்க சொன்னது சரி. பேரனுக்கு நான் சொன்னது சரி. இப்போ நடுவுல இருக்கத எப்போ மாட்டப் போறிய?”

ஐரோலியில் ஒரு டீ

நடுவில் இருந்ததை அந்த வாரமே மாட்டிவிட்டேன். பேரன் வாயில் முதல் பல் வெள்ளையாக எட்டிப் பார்ப்பது கட்டிலில் படுத்தபடியே தெரிகிறது. சீரியல் பழையபடிதான். வீட்டில் அமைதி.

பிறகு ஒரு நாள் அசன் பாயைப் பார்க்க ஐரோலிக்குப் போனேன். மகன் வீட்டில் இருக்கிறார். கடையை விட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. முழங்கால்தான் தகராறு, மற்றபடி நன்றாக இருக்கிறார். மருமகள் டீ கொண்டுவந்து வைத்ததும், கேட்காமலே அந்தப் பரீட்சைக் கதையை எடுத்துவிட்டார். இந்த முறை ஷோரூம் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. பார்ட்டிகளுக்குள் ஒரு கண் டாக்டரும் சேர்ந்திருந்தார். “அந்த டாக்டரே கைய விரிச்சுட்டாருப்பா, தங்கதுரை” என்று என்னிடம் சொல்லித் தொடையில் தட்டிக்கொண்டார். மருமகள் எத்தனையோ தடவை கேட்டிருப்பாள். ஆனாலும் நின்று சிரித்துவிட்டுப் போனாள்.

கதை பொய்யாக இருக்காது என்று எனக்கு அப்போது தோன்றியது. டாக்டர் வேண்டுமானால் வராமல் இருந்திருக்கலாம். மூன்று டிவியும் வரிசையாக நின்றிருக்கும், ஒருத்தருக்கும் தெரியாமல்தான் இருந்திருக்கும். அந்தக் கதையை நம்பி எச்டி ரெடியும் ஃபுல் எச்டியும் வாங்கிப்போனவர்கள் எல்லாரும் கேபிள் பார்த்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். எதிரில் வந்தால் சிரிக்கிறார்கள். தூரத்தையும் கண்ணையும் விலையையும் பற்றி ஊரெல்லாம் பேசியே பிழைத்த நான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை, டீ ஆறிப்போன பிறகுதான் அசன் பாயிடம் கேட்டேன்:

“பாய், அன்னைக்கு அந்த மூணு டிவியிலயும் என்ன ஓடிட்டு இருந்துச்சு?”