சுத்தமாக வெட்டிய புதர்

குர்ஷித்துக்கு ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. காய்ந்த தோலின் பிசிறான ஓரங்களைக் கத்தியால் நறுக்கி நேராக்குவது. அந்த நாற்றம் சோப்புக்கும் அடங்காது, அத்தருக்கும் அடங்காது. மனைவி ஹுமேராவே சோற்றை வைத்துவிட்டுத் தள்ளித்தான் உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமையானால் ஏலகிரிக்குப் பஸ் ஏறிவிடுவான், மலைமேல் புதர்ச்சிட்டு பார்க்க. ஆணுக்குக் கருப்பு உடம்பு, இறக்கையில் வெள்ளைப் பட்டை, கைக்குள் அடங்கிவிடும். புதர் நுனியிலிருந்து சட்டென்று இறங்கிப் பூச்சியைக் கொத்திக்கொண்டு ஏறும். அதைப் பார்த்தால்தான் வாரம் முழுக்க அடைத்த மூச்சு அவனுக்குத் திரும்ப வரும்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அது கூடு கட்டியிருப்பதை மானேஜர் சர்தார் பாஷாவிடம் உளறிவிட்டான். தோல் வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு அனுப்பும் காலண்டருக்கு அவர் இயற்கைப் படம் தேடிக்கொண்டிருந்தார். கழிவுத் தண்ணீரை ஓடையில் விடுகிற கம்பெனிக்கு வந்த ஆசையைப் பாருங்கள்!

போட்டோகிராபரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மண்மேட்டுப் பொந்தில் கூடு, உள்ளே மூன்று குஞ்சுகள், வாசலை மறைத்துப் புதர்.

"இலை மறைக்குது பாய். ட்ரிம்மிங்ல நீங்க கில்லாடியாச்சே, கொஞ்சம் க்ளீன் பண்ணுங்க," என்றார் மானேஜர்.

அந்த மறைப்பு எதற்கென்று அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் சொன்னவுடன் நறுக்கிப் பழகிய கை. ஒரு பிசிறு விடாமல் வெட்டி முடித்து, தள்ளி நின்று, ஓரம் நேராக இருக்கிறதா என்று வேறு பார்த்தான், வெட்கங்கெட்டவன்.

பறவை பயம் தெளியட்டும் என்று டீ குடிக்கப் போனார்கள். திரும்புவதற்குள் காக்கை வந்து போயிருந்தது. பொந்தில் ஒரு குஞ்சின் கால் மட்டும் கிடந்தது. ஆண்சிட்டு அலகில் புழுவோடு பொந்துக்கும் பாறைக்குமாகப் பறந்தது. விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. போட்டோகிராபர் சடசடவென்று படம் எடுத்தான். குர்ஷித்துக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. தோல் நாற்றமே இதற்குத் தேவலை.

டிசம்பரில் காலண்டர் வந்தது. முதல் தாளிலேயே அந்தப் படம். அடியில் 'தந்தையின் பாசம்' என்று போட்டிருந்தது.

"சார், இத எடுக்கும்போது குஞ்சே இல்ல. என் கையாலதான் போச்சு," என்றான் குர்ஷித்.

"அதெல்லாம் படத்துல எங்க தெரியுது?" என்றார் சர்தார் பாஷா. "பேக்ரவுண்டு எவ்ளோ க்ளீனா வந்துருக்குது பாருங்க பாய்!"