பெருமாள்மலையில் திரும்பிய வண்டி

பவுல்ராஜ் மலைப்பாதையில் வாடகைக் கார் ஓட்ட ஆரம்பித்து இருபத்தாறு வருஷம். அதற்கு முன் நான்கு வருஷம் கவுஞ்சியிலிருந்து பூண்டு லாரி. விமானத்துக்குப் போகிற யாரையும் அவர் இதுவரை நேரம் தப்பவிட்டதில்லை.

மே மாதச் சனிக்கிழமை, காலை 8.05. செண்பகனூரில் ஷர்மிளா ஏறிக்கொண்டாள். தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள். சென்னையில் அவள் அம்மாவுக்கு மாலை ஐந்து மணிக்கு இதயத்தில் அறுவை. உள்ளே கொண்டுபோகுமுன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். மதுரை விமானம் 1.10க்கு. மதுரைக்கு மூன்றரை மணி நேரம், தாராளம்.

முந்தின இரவுக் காற்றில் செல்போன் டவர் படுத்துவிட்டது. ரோடு மட்டும் காலியாகக் கிடந்தது.

“நல்ல வேளைண்ணே, எதுக்க வண்டியே காணோம். வெரசாப் போயிரலாம்.”

பவுல்ராஜுக்கு அதுதான் உறுத்தியது. சீசன் சனிக்கிழமையில் அந்நேரம் கீழிருந்து வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறும். பன்னிரண்டு நிமிஷத்தில் வந்தவை இரண்டே வேன்கள். இரண்டும் பழனிப் பக்கத்துக் காய்கறி வேன்கள். மதுரைக்கு இறங்குகிற வத்தலக்குண்டுப் பாதையிலிருந்து ஒன்றுகூட ஏறவில்லை.

பழனிப் பாதை பிரியும் பெருமாள்மலையில் ஓரங்கட்டினார். மணி 8.26.

“தாயி, கீழ ரோடு அடைச்சுக் கெடக்கு. பழனி வழியா எறங்கிக் கோயமுத்தூர் போயிருவோம்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. வண்டி வரல.”

“அதுக்காக மதுரை டிக்கெட்ட விட்டுரவா? ஜோசியமாண்ணே பாக்குறீங்க?”

“எங்கன ஏறுனாலும் ஆகாசத்துல ஒண்ணேகால் மணி நேரந்தான். ரோடுதான் நம்மளக் கவுத்துரும்.”

“தப்பாப் போச்சுன்னா?”

அவர் காலியாகக் கிடந்த வத்தலக்குண்டுப் பாதையைக் கைகாட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “திருப்புங்க” என்றாள்.

திருப்பிய பிறகுதான் அவருக்கு வேறொன்று உறைத்தது. அடிவாரத்தில் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் சோதிக்கிற கம்ப்யூட்டர் நின்றிருந்தாலும் வண்டி வராதே! அரை மணியில் விட்டுவிட்டிருப்பார்களே! இனித் திரும்பவும் முடியாது.

வடகவுஞ்சி தாண்டியதும் டவர் கிடைத்து, போன் கத்தியது. டிரைவர்கள் குழுவில் படம் வந்திருந்தது: வத்தலக்குண்டு ரோட்டின் குறுக்கே மரம், அதனடியில் லாரி. ரோடு திறக்க மதியம் ஆகுமாம்.

“கோயமுத்தூர்ல ரெண்டு பத்துக்கு ஒரு பிளைட் இருக்குண்ணே. மூணே சீட்டு!”

“வண்டிய நிறுத்துறேன். டவர் போறதுக்குள்ள போடு.”

பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கி, அப்பன் பாட்டனை எல்லாம் இழுத்தான். பவுல்ராஜ் நகரவில்லை. டிக்கெட் விழுந்தது.

12.52க்குக் கோவை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

ஊர் திரும்பும் வழியில் பழனியில் சாப்பிட உட்கார்ந்தார். இலையில் கை வைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். 4.38க்குப் போன் வந்தது.

“பாத்துட்டேண்ணே. பல்செட்டக் கழட்டி எங்கையில குடுத்துட்டு, ‘பத்திரம்டி’ன்னுட்டு உள்ள போயிருக்காங்க.”