மாசத்தை மாற்றும் உத்தியோகம்

போன செவ்வாய்க்கிழமை, ரசம் சாதத்துக்கு நடுவில் என் மகள் ஜெசிந்தா குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"வேலையை விடலாம்னு பார்க்கறேன்ப்பா. மவுன்ட் ரோடுல ஒரு கம்பெனி கூப்பிடறாங்க. டிரெய்னியா. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

எனக்குப் புரையேறியது. பர்மனென்ட் வேலையை விட்டுவிட்டு டிரெய்னியா? இருபத்து நாலு வயதில் ரிவர்ஸ் கியரா? ரெண்டு வருஷமாக, "பொண்ணு அம்பத்தூர் எஸ்டேட்ல சாஃப்ட்வேர்ல இருக்கா" என்று திருமுல்லைவாயில் முழுக்க டமாரம் அடித்தவன் நான். என்னவோ அவள் கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருப்பது போல!

"இங்க என்னம்மா குறைச்சல்?"

"நான் என்ன வேலை பண்றேன்னு தெரியுமா? ஒரு ஃபேக்டரியோட ஸ்டாக் ரிப்போர்ட். மாசம் பொறந்தா புரோகிராமைத் திறந்து, தலைப்புல ஜனவரியை அழிச்சுட்டு பிப்ரவரின்னு போடணும். பிரிண்ட் எடுக்கணும். அடுத்த மாசம் பிப்ரவரியை அழிச்சுட்டு மார்ச். ரெண்டு வருஷமா இதேதான்."

"மார்ச் வந்தா மார்ச்சுன்னுதானேம்மா போடணும்?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. புதுக் கம்பெனி ஆறு மாசத்தில் துரத்திவிட்டால்? சர்ச் வாசலில் விசாரிப்பவர்களுக்கு என்ன சொல்வேன்? புத்தியுள்ள எந்த அப்பனும் செய்யாததைச் செய்தேன். மறுநாள் அரை நாள் லீவு போட்டு, அவளுக்குத் தெரியாமல் அவளுடைய மேனேஜரையே பார்க்கப் போனேன் — "பொண்ணு ஏதாவது லெட்டர் குடுத்தா வாங்கிடாதீங்க சார்" என்று கெஞ்ச!

அவர் காபி எல்லாம் வரவழைத்தார். "கவலையே படாதீங்க சார். உங்க பொண்ணு கெட்டிக்காரி. மாசம் தானா மாறிக்கிற மாதிரி போன வருஷமே புரோகிராமை எழுதிட்டு வந்துட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன் சார்?"

"அப்புறம் அவங்களுக்கு இங்க என்ன வேலை இருக்கும், சொல்லுங்க?" பெரிய தர்மம் செய்தவர் போலச் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்களே சொல்லுங்கள், இது அநியாயம் இல்லையா? படித்த பெண்ணை நாற்காலியோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டு, அதை உபகாரம் என்று பெற்றவனிடமே சொல்வதா? வேலை தெரிந்தது அவள் குற்றமா? அதைவிட அநியாயம்... அந்த ஆணியை இன்னும் ரெண்டு போடு போடுங்கள் என்று கேட்க வந்தவன் நான்!

சரியாக அந்த நேரம் பார்த்துக் கையில் பிரிண்ட் அவுட்டோடு உள்ளே வந்தாள் ஜெசிந்தா.

"அப்பா? நீங்க எங்க இங்க?"

பீதியில் உளறினேன். "சார், இவ நாளையிலேர்ந்து வரமாட்டா!"

மேனேஜர் காபியைக் கீழே வைத்தார். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"வேலை என்னோடதுப்பா. நானே பேசிக்கறேன். நீங்க வெளியில உட்காருங்க."

உட்கார்ந்தேன். கண்ணாடித் தடுப்பு வழியே பார்த்தால், கைப்பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து மேஜையில் வைக்கிறாள். ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறாள்! என்னிடம் அவள் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொல்லியிருக்கிறாள்.

வாட்ச்மேன் ஒரு டம்ளர் தண்ணீரை என்னிடம் நீட்டினார்.

"இன்னா நைனா, இப்டி வேர்த்து ஊத்துது? இன்டர்வியூவுக்கா வந்துகீறே?"