பாதி அடித்த ப்ரைமர்

தபால் ஆபீசில் வேலை பார்த்த அவளுக்கு, பழைய காருக்குத் தானே பெயின்ட் அடித்துப் பார்க்க ஆசை. துருவைத் தேய்த்து எடுத்தாள். குழந்தையை வீட்டுக்குள் தூங்கவைத்துவிட்டு, தூசி ஒட்டக்கூடாதென்று வீட்டை ஒட்டிய ஷெட்டின் கதவுகளைச் சாத்திக்கொண்டு, முகமூடி மாட்டி, ஸ்ப்ரேயில் அடிப்பூச்சான ப்ரைமரை அடிக்க ஆரம்பித்தாள். பாதிக் கார் முடிந்தபோது அதில் கலந்த தின்னர் நெடி ஷெட் முழுக்க மூட்டமாக நின்றது. ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ள.

அப்போது பக்கக் கதவு திறந்தது. காது மந்தமான மாமனார், புகையும் சிகரெட்டோடு வாசலில் நின்றார்.

"மாமா, வராதீங்க!" என்று கத்தினாள். முகமூடிக்குள் குரல் அமுங்கிப்போனது.

"என்னம்மா, எதுவரைக்கும் ஆச்சு?" என்று சிரித்தபடி காலை எடுத்து உள்ளே வைக்கப் போனார்.

அவள் ஸ்ப்ரேயைக் கீழே போட்டாள். ஓடிப்போய் இரண்டு கையாலும் அவரை வெளியே தள்ளினாள். மண்ணில் விழுந்த சிகரெட்டை மிதித்து நசுக்கினாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று விழுந்த இடத்திலிருந்தே கத்தியவர், நெடி மூக்கில் ஏறியதும் ஷெட்டையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "குழந்தை உள்ளே தூங்குதேம்மா..." என்றார் கடைசியில்.

கதவுகளை விரியத் திறந்துவிட்டவள், அதற்குப் பிறகு ஸ்ப்ரேயைத் தொடவில்லை. மறுநாள் காரைப் பெயின்ட் பட்டறைக்குக் கொண்டுபோனபோது பட்டறைக்காரர், "யாரு இப்படிப் பாதியில விட்டது?" என்றார்.

"நான்தான்" என்றாள். கார் சாவியை அவர் கையில் கொடுத்தாள்.